அடித்தளச் செல் தோல் புற்றுநோய்ச் சிகிச்சை ஆய்வு வரலாறும் தமிழ் நிலப்பகுதியும்

முன்னுரை

புதுச்சேரியின் வில்லியனூர் வட்டத்திலுள்ள திருபுவனையை ஆய்வுலகம் அங்குள்ள வரதராசப் பெருமாள் கோயிலின் கல்வெட்டால் அறியும். முதலாம் இராசாதிராசன் காலத்தைச் சேர்ந்த அக்கல்வெட்டு ஒரு கல்விச்சாலைக்கு வழங்கப்பட்ட நிலக்கொடையைக் கூறுகிறது. அவன் தம்பி வீரராசேந்திரன் காலத்துத் திருமுக்கூடல் கல்வெட்டோ கல்விச்சாலையுடன் பதினைந்து படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலை ஒன்றையும் குறிப்பிடுகிறது. மருத்துவர், அறுவை செய்வோர், மருந்து கொணர்வோர் ஆகியோர்க்குரிய ஊதியமும், இருப்பில் வைக்க வேண்டிய மருந்துகளின் பெயர்களும் அதில் உள்ளன. எம்மருந்து எத்தனை பேருக்குப் பயன் தந்தது என்பது அதில் இல்லை. ஒரு கொடைக் கல்வெட்டில் அதை எதிர்பார்க்கவும் இயலாது. ஆனால் நவீன மருத்துவம் அக்கணக்கின் மீதுதான் நிற்கிறது. தமிழ் மருத்துவ வரலாற்றாய்வு பெரும்பாலும் கல்வெட்டு, சித்த மருத்துவச் சுவடி, காலனிய மருத்துவமனை ஆகியவற்றோடு நின்றுவிடுவதால், ஒரு மருந்து யாருடைய உடலில் சோதிக்கப்பட்டது என்ற வினா நம்மிடையே அரிதாகவே எழுகிறது. அடித்தளச் செல் தோல் புற்றுநோயை முன்வைத்து இக்கட்டுரை அவ்வினாவை எழுப்புகிறது.

நோயும் மருந்தும்

இந்நோயை 1827இல் டப்ளின் நகர மருத்துவர் ஆர்தர் ஜேக்கப் கண்ணிமைப் புண்ணாக விவரித்தார். தோலின் அடித்தளச் செல்களோடு அதனைத் தொடர்புபடுத்தி இன்றைய பெயருக்கு வழிவகுத்தவர் அங்கேரிய நோயியலாளர் குரோம்பெக்கர். 1899இல் ஸ்டாக்ஹோமில் எக்ஸ் கதிரால் முதன்முதலில் குணப்படுத்தப்பட்ட புற்றுகளில் மூக்கில் தோன்றிய இவ்வகைப் புற்றும் ஒன்று. அறுவையும் கதிர்வீச்சும் பெரும்பாலோரைக் குணப்படுத்திவிடுவதால் புதுமருந்துக்கான தேவை நெடுங்காலம் பெரிதாக உணரப்படவில்லை. அறுவைக்கு இடம் தராத அளவுக்குப் பரவிய புற்றுடையோரே எஞ்சினர்.

அவர்களுக்கான மருந்து எதிர்பாராத திசையிலிருந்து வந்தது. அமெரிக்காவின் ஐடஹோ மேய்ச்சல் நிலங்களில் வெராட்ரம் என்னும் காட்டுச்செடியைத் தின்ற ஆடுகள் ஒற்றைக் கண் குட்டிகளை ஈன்றன. அச்செடியிலிருந்து பிரிக்கப்பட்ட நச்சுப்பொருளுக்குக் கிரேக்கத் தொன்மத்தின் ஒற்றைக்கண் அரக்கனை நினைந்து சைக்ளோபமைன் எனப் பெயரிட்டனர். 1980இல் நியூஸ்லைன் ஃபோல்ஹார்டும் வீஷௌஸும் பழ ஈயின் கரு வளர்ச்சியை ஆராய்கையில் ஹெட்ஜ்ஹாக் மரபணுவைக் கண்டறிந்தனர். அதன் சமிக்ஞையைத்தான் அந்நச்சு தடுக்கிறது என்பது பின்னர்த் தெளிவாயிற்று. கோர்லின் நோய்த்தொகுதி உடைய குடும்பங்களில் இளமையிலேயே அடித்தளச் செல் புற்றுகள் பல தோன்றும். அக்குடும்பங்களில் அதே சமிக்ஞைப் பாதையின் கடிவாளமான மரபணு பழுதுற்றிருப்பது 1996இல் அறியப்பட்டது. இவ்வறிவின் பயனாக உருவான விஸ்மோடெகிப் 2012 சனவரியில் அமெரிக்க அரசின் ஒப்புதல் பெற்றது. குட்டிகளை ஊனமாக்கிய அதே இயல்பு மருந்திலும் உண்டு. கருவுற்ற பெண்களுக்கு அது தரப்படலாகாது.

ஒப்புதலுக்கு ஆதாரமான சோதனையில் 104 பேர் பங்கேற்றனர். ஒப்பீட்டுக் குழு இல்லை. புற்று அவ்விடத்திலேயே பெருகியிருந்தவர்களில் 43 விழுக்காட்டினருக்குக் கட்டி சுருங்கியது அல்லது மறைந்தது. இவ்வரலாற்றில் எண்ணை விடவும் கருதத்தக்கது மருந்துக் குறிப்பேட்டில் உள்ள மற்றொரு விவரம்: பங்கேற்றோர் அனைவரும் வெள்ளையினத்தவர்.

இங்குள்ள நோயாளி

இதில் சதி ஏதுமில்லை. மெலனின் குறைந்த தோலில்தான் இந்நோய் மிகுதி. இந்தியாவில் அருகியே காணப்படுகிறது. திருபுவனையில் நாள் முழுதும் வெயிலில் நாற்று நடுவோரின் தோலுக்கும் மெலனின் ஒரு காப்பு. எனினும் நம் பகுதியில் வரும் நோய் அந்நோயின் சிறு அளவுப் படி அன்று. கருந்தோலில் இப்புற்று பெரும்பாலும் கறுத்தே தோன்றுவதால் மச்சமென்று விடப்படக்கூடும். மேலும், சீரோடெர்மா பிக்மென்டோசம் என்னும் மரபு நோயுடைய குழந்தைகளுக்குப் புறஊதாக்கதிரால் பழுதுறும் மரபணுவைச் சீர்செய்யும் திறன் குன்றியிருக்கும். பத்து வயதுக்குள்ளேயே அவர்களுக்குத் தோல் புற்றுகள் தோன்றலாம். இது பெற்றோர் இருவரிடமிருந்தும் வரவேண்டிய ஒடுங்கு பண்பு. தாய்மாமன் மகள், அத்தை மகன் என உறவுக்குள் மணம் முடிக்கும் வழக்கம் வேரூன்றிய தென்னாட்டில் அதன் வாய்ப்புக் கூடுகிறது. உறவுமுறைத் திருமணம் குறித்து இலக்கியச் சான்றுகளைத் திரட்டும் நாம், அதன் இந்தப் பக்கத்தைப் பேசுவதில்லை.

இவர்களுக்கான சோதனைகள் மிகச் சில. 1988இல் அமெரிக்காவில் ஐந்து நோயாளிகளுக்கு ஐசோட்ரெட்டினாயின் ஈராண்டு தரப்பட்டது. முந்தைய ஈராண்டில் 121ஆக இருந்த புற்றுகள் 25ஆகக் குறைந்தன. மருந்தை நிறுத்தியதும் மீண்டும் பெருகின. 2001இல் வெளியான மற்றொன்றில் மரபணுவைச் சீர்செய்யும் நொதி கலந்த பூச்சு 30 பேரிடம் சோதிக்கப்பட்டு, அடித்தளச் செல் புற்று ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்தது.

தென்னகத்துச் சோதனைகள்

இங்குச் சோதனை மரபே இல்லை என்பது பிழை. முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் தொடங்கப்பட்ட அடையாறு புற்றுநோய் நிலையத்தில், எஸ். கிருஷ்ணமூர்த்தியும் வி. சாந்தாவும் வாய்ப் புற்றுக்குக் கதிர்வீச்சோடு பிளியோமைசினைச் சேர்த்துத் தந்து, கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களோடு ஒப்பிட்டு 1970களில் ஆராய்ந்தனர். பிளியோமைசின் சப்பானில் கண்டறியப்பட்ட மருந்து. ஆனால் வெற்றிலையும் புகையிலையும் விளைத்த வாய்ப் புற்று இவ்வூர் மக்களுடையது. வினாவும் இங்கே பிறந்தது. 1987இல் திருச்சூர் அமலா மையத்தார் வெளியே தெரியும் புற்றுப் புண்ணுடைய 62 பேருக்கு மஞ்சளையும் குர்குமினையும் பூசி, நாற்றமும் அரிப்பும் குறைந்ததாகப் பதிவு செய்தனர். ஒப்பீட்டுக் குழு இல்லாத அவ்வாய்வை மஞ்சளின் வெற்றியாக மேடைதோறும் கூறுவது மிகை. கட்டி சுருங்கியோர் ஏறத்தாழப் பத்து விழுக்காட்டினரே.

சோதனையில் இடம்பெறுவது மட்டுமே நீதியாகிவிடாது. திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்தில் 1999-2000இல் வாய்ப் புற்று நோயாளிகளின் கட்டிகளில் ஒரு புதிய வேதிப்பொருள் செலுத்தப்பட்டது. தன் ஆய்வாளர் உரிய நெறிக்குழு ஒப்புதலின்றி அதில் ஈடுபட்டதாக ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் 2001இல் அறிவித்தது. இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேடு 2007இல் உருவாகி, 2009இல் பதிவு கட்டாயமாவதற்கு முந்தைய நிகழ்வு இது.

2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவச் சோதனைகள் விதிகளில் 101ஆம் விதி, அரசு குறிப்பிடும் நாடுகளில் ஒப்புதல் பெற்ற மருந்துகளுக்கு உள்நாட்டுச் சோதனையிலிருந்து விலக்களிக்க இடம் தருகிறது. உயிர்காக்கும் மருந்து விரைந்து வருவதற்கு அது உதவும் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் 104 வெள்ளையினத்தவரிடம் பெறப்பட்ட விடை, உறவுமணத்தில் பிறந்து பத்து வயதிலேயே முகம் முழுதும் புற்று கொண்ட குழந்தைக்கும் பொருந்துமா என்பதை விலக்கு ஆணை தீர்மானித்துவிட முடியாது. திருபுவனையிலிருந்து அத்தகைய குழந்தை வந்தால் பேருந்திலேயே சென்று சேரத்தக்க தொலைவில் கோரிமேட்டில் ஜிப்மர் உள்ளது. அது போன்ற நிறுவனங்களின் நோயியல் துறைப் பதிவேடுகளில் இந்நோயாளிகளின் வயது, ஊர், பெற்றோர் உறவு ஆகியன எவ்வளவு பதிவாகியுள்ளன, எவ்வளவு விடுபட்டுள்ளன எனத் தேடுவதிலிருந்து இவ்வாய்வின் அடுத்த கட்டம் தொடங்க வேண்டும்.