பழைய கலப்பை, புது டிராக்டர்: மூன்று பின்களின் கதை



பூந்தமல்லி, திருமழிசைப் பக்கம் இன்னும் நிலத்தை விற்காமல் வைத்திருக்கும் சிலர், அப்பா காலத்து ஐந்து கலப்பையைப் புது டிராக்டரில் மாட்டலாமா என்று கேட்கிறீர்கள். வரலாற்று வாத்தியாரிடம் கேட்டால் வரலாறுதான் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் உலகப் போர்க் காலத்து டிராக்டர் ஓர் இரும்பு மாடு, அவ்வளவுதான். கலப்பையைச் சங்கிலி போட்டுப் பின்னால் இழுக்கும். கொழு பாறையில் சிக்கினால் கலப்பை நின்றுவிடும், எஞ்சின் நிற்காது. பின்சக்கரம் நகர முடியாமல், வண்டியின் முன்பக்கம் மேலே தூக்கி, டிராக்டரே மல்லாந்து விழும். ஓட்டியவர் அடியில் கிடப்பார். வட அயர்லாந்துக்காரரான ஹாரி ஃபெர்குசன், 1917இல் அரசுக்காக உழவு இயந்திரங்களைக் கவனிக்கும் வேலை பார்த்தபோது இந்தச் சிக்கலில் இறங்கினார். கலப்பையும் டிராக்டரும் ஒரே உடம்பாக இருக்க வேண்டும் என்பது அவர் முடிவு. கீழே இரண்டு கை, மேலே ஒரு கை, தூக்கி இறக்க ஹைட்ராலிக். கலப்பை மண்ணில் இறுகும்போது மேல் கை முன்னோக்கித் தள்ளும். அந்தத் தள்ளல் முன்சக்கரத்தைத் தரையில் அழுத்தி வைக்கும். வண்டியைக் கவிழ்க்கப் பார்த்த விசையையே காவலுக்கு நிறுத்திவிட்டார், பாருங்கள்!

1938இல் ஹென்றி ஃபோர்டும் அவரும் கை குலுக்கிக்கொண்டார்கள். எழுத்தில் ஒரு வரி கிடையாது. மறு வருடமே ஃபோர்டு 9என் டிராக்டர் வந்தது. பிறகு ஃபோர்டின் பேரன் காலத்தில் உறவு முறிந்து, வழக்கு நடந்து, 1952இல் 92.5 லட்சம் டாலருக்குச் சமரசம். வாய்வார்த்தையை நம்பி வயலைக் குத்தகைக்கு விட்டவர்களுக்கு இந்தக் கதை புதிதாக இருக்காது. இதற்கிடையில் ஃபெர்குசன் இங்கிலாந்தின் கவென்ட்ரியில் டிஇ20 என்ற டிராக்டரைச் செய்ய வைத்தார். 1946 முதல் 1956 வரை ஐந்து லட்சத்துக்கு மேல். 1953இல் அவர் நிறுவனம் மாஸ்ஸி-ஹாரிஸுடன் இணைந்தது.

அந்தக் கிளைதான் நம் பக்கம் வந்தது. 1960இல் மாஸ்ஸி ஃபெர்குசன் கூட்டுடன் டாஃபே தொடங்கப்பட்டு, பெரம்பூரை ஒட்டிய செம்பியத்தில் டிராக்டர் உருவானது. 1961இல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை. 1964இல் அம்பத்தூர் தொழிற்பேட்டை. ஏரிப் பாசன வயல்களுக்கு நடுவே டாங்கியும் டிராக்டரும் லேத் பட்டறையும் ஒரே காலத்தில் முளைத்தன.

மூன்று கை என்பது எல்லாக் கம்பெனிக்கும் பொதுவாகிவிட்டது. ஆனால் அளவு ஒன்றாகவில்லை. சிறிய டிராக்டருக்கு முதல் வகை: மேல் பின் 19 மி.மீ., கீழ்ப் பின்கள் 22 மி.மீ. பெரியதற்கு இரண்டாம் வகை: மேலே 25, கீழே 28. கீழ்ப் பின்களுக்கு இடையிலான அகலமும் மாறும். பழைய சிறு கலப்பையைப் பெரிய டிராக்டரில் மாட்ட, பின்னின் மேல் ஒரு புஷ் போட்டால் போதும், லேத்தில் அரை மணி வேலை. புஷ் போடாமல் அப்படியே மாட்டுகிறவர்களும் உண்டு. ஆட்டத்தில் ஓட்டை நீள்வட்டமாகி, ஒருநாள் பின் முறியும். எதிர்மாறாக, பெரிய கருவியைச் சின்ன டிராக்டரில் மாட்ட பின்னைக் கடைந்து மெலியவைப்பது எனக்குச் சம்மதமில்லை. பின் தாங்கினாலும், கருவியைத் தூக்கும்போது முன்சக்கரம் மிதக்கும்.

ரோட்டவேட்டரைச் சுழற்றும் பி.டி.ஓ. தண்டிலும் இதே கதை. டிஇ20இல் அது 1⅛ அங்குலம், பின்னால் வந்த பொது அளவு 1⅜. இரண்டிலும் பல் ஆறுதான். இடையில் ஓர் அடாப்டர் போட்டுச் சேர்த்துவிடலாம். ஆனால் அடாப்டர் ஏறியதும் மொத்த நீளம் கூடும். கருவியை முழுக்கத் தூக்கி இறக்கி, தண்டு எங்கேயும் முட்டவில்லை என்று பார்த்த பிறகுதான் ஓட்ட வேண்டும்.

மாடு இழுத்த பரம்புப் பலகைக்குத்தான் மூன்று கையே கிடையாது. செம்பரம்பாக்கம் பாசன வயல்களில் சேறடித்த பிறகு அதைச் சங்கிலி போட்டு டிராக்டருக்குப் பின்னால் கட்டுகிறோம். அதாவது, திரும்பவும் 1917க்கே போய்விடுகிறோம். சங்கிலியைக் கீழே உள்ள டிராபாரில் மட்டும் மாட்டுங்கள். அச்சிலோ மேல் கை மாட்டும் இடத்திலோ கட்டினால், பலகை வரப்பில் சிக்கிய நொடியில் முன்பக்கம் எழும். சேற்றில் புதைந்த கேஜ் வீலுக்குக் குறுக்கே கட்டை கொடுத்து ஏற்றுவதும் அதே ஆபத்துதான்: சக்கரம் சுற்றாது, வண்டி சுற்றும். புதைந்தால் இறங்கிவிடுங்கள், இன்னொரு வண்டியை வரவழைத்து முன்னாலிருந்து இழுக்கச் சொல்லுங்கள்.