பொருந்தல் மணிகளும் கொடவாயக் கப்பலும்: கண்ணாடி வந்த வழி

பொருந்தல் என்றதும் ஆய்வுலகம் நெல்லைப் பற்றித்தான் பேசும். 2009–10இல் கா. ராஜன் நடத்திய அகழாய்வில் ஈமக்குழியிலிருந்து வந்த நெல், அதற்குக் கிடைத்த கி.மு. 490 என்னும் காலக்கணிப்பு, உடனிருந்த தாங்கியில் 'வய்ர' என்ற தமிழி எழுத்து ஆகியவை கிளப்பிய விவாதம் இன்னும் ஓயவில்லை. அந்த இரைச்சலில் அதே ஊரின் வாழ்விடப் பகுதியில் வெளிப்பட்ட மணி உலையும் 2,000க்கும் மேற்பட்ட கண்ணாடி மணிகளும் பின்னுக்குப் போய்விட்டன. திண்டுக்கல் மாவட்டத்தின் மேற்கோரத்தில், பழனிக்கு அப்பால் மலையடிவாரத்தில் இருக்கும் இந்த ஊருக்கும் கடலுக்கும் நெடுந்தூரம். ஆனாலும் இந்த மணிகளைப் புரிந்துகொள்ளக் கடலடியில் கிடக்கும் ஒரு கப்பலையும் பார்த்தாக வேண்டும்.

உலையும் மணியும் ஓரிடத்தில் கிடைத்தால் 'கண்ணாடித் தொழிற்கூடம்' என்று எழுதிவிடுவது நம் வழக்கம். ஒரே சொல்லுக்குள் இரண்டு தொழில்கள் ஒளிந்துகொள்கின்றன. மணலையும் காரத்தையும் உருக்கிக் கண்ணாடி ஆக்குவது ஒன்று. ஆக்கிய கண்ணாடியை மறுபடி இளக்கி மணியாக்குவது இன்னொன்று. இரண்டாவதை ஆந்திரத்துப் பாப்பாநாயுடுபேட்டையில் அண்மைக் காலம் வரை கண்ணால் பார்க்க முடிந்தது. இரும்புக் குழாயின் நுனியில் இளகிய கண்ணாடி உருண்டை உலைக்குள் இருக்கும். எதிர்ப்பக்கத்தில் ஒருவர் கொக்கியால் அதன் நுனியைப் பற்றி, நடுத்துளை மூடாமல் மெல்லிய குழலாக இழுத்துக்கொண்டே போவார். குழலைப் பொடிப்பொடியாக நறுக்கிச் சாம்பலோடு சூடாக்கினால் விளிம்பு மழுங்கி மணியாகும். இந்த வேலைக்கு மணல் வேண்டாம். ஆயத்தக் கண்ணாடிக் கட்டி போதும்.

கட்டி எங்கிருந்து வந்தது? தரையில் இதற்கு விடை கிடைப்பது அரிது. தொழிலாளி கட்டியை மிச்சம் வைப்பதில்லை. கடல்தான் மிச்சம் வைத்தது. இலங்கை அம்பாந்தோட்டைப் பகுதியில், வளவை ஆற்றுமுகத்துக்கு அருகிலுள்ள கொடவாயக் கடலில் 2003இல் உள்ளூர் மீனவர்கள் கண்ட கப்பல் சிதைவு இந்தியப் பெருங்கடலில் இதுவரை அறியப்பட்டவற்றுள் மிகப் பழையது, ஏறத்தாழ கி.மு. 2 – கி.பி. 1ஆம் நூற்றாண்டுக்கு உரியது. அதில் இரும்பும் கறுப்பு-சிவப்புப் பானைகளும் கால் வைத்த அம்மிகளும் இருந்தன. ஓர் அம்மியில் மீன், நந்திபாதம், ஸ்ரீவத்சம் ஆகிய குறிகள் பொறிக்கப்பட்டிருந்தன. கூடவே கண்ணாடிக் கட்டிகளும் இருந்தன. 30 மீட்டரைத் தாண்டிய ஆழம் அது. சாதாரணக் காற்றுக் கலனோடு இறங்குபவர் தங்கித் தங்கி மேலேறாமல் நேரே வர வேண்டுமானால் அங்கே 20 நிமிடம்கூட நிற்க முடியாது. 2012 முதல் நடந்த அகழாய்வு அந்தச் சில நிமிடங்களைச் சேர்த்துச் சேர்த்துச் செய்தது. கரையிலோ, துறைமுகச் சுங்கத்தை விகாரைக்கு விட்டுக்கொடுத்த மன்னன் கஜபாகுவின் கல்வெட்டு உள்ளது.

ஆக, கண்ணாடி மூலப்பொருளாகவே கப்பலேறியது. இது நம் கடலுக்கு மட்டும் உரிய புதுமை அல்ல. துருக்கியின் உளுபுருன் கப்பலைக் கடற்பஞ்சு எடுப்பவர் ஒருவர் 1982இல் கண்டார். கி.மு. 14ஆம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்த அதில் சுமார் 175 கண்ணாடிக் கட்டிகள் இருந்தன. அவற்றின் வேதிச்சேர்க்கை எகிப்தியக் கண்ணாடியோடும் கிரேக்கத்து மைசீனிய மணிகளோடும் ஒத்துப்போக, மணி செய்த ஊர் வேறு, கண்ணாடி காய்ச்சிய ஊர் வேறு என்பது அங்கே நிலைபெற்றது.

கொடவாயக் கட்டிகள் இலங்கைப் பட்டறைகளுக்கே போயிருக்கலாமே என்று மறுக்கலாம். இலங்கையின் கிரிபாவவில் கண்ணாடி காய்ச்சிய உலைகள் கிடைத்திருப்பது அந்த மறுப்புக்கு வலுச் சேர்க்கிறது. ஆனால் என் வாதம் இந்தக் கப்பல் பொருந்தலுக்குச் சரக்கு கொண்டுவந்தது என்பதல்ல. காய்ச்சுமிடம், ஏற்றுமிடம், இழுக்குமிடம் என்று தொழில் மூன்றாகப் பிரிந்திருந்தது என்றால், பொருந்தல் மூன்றாம் வகை என்றே முதலில் கொள்ள வேண்டும். காய்ச்சியதற்கான உருக்குகலன், பாதி வெந்த மணற்கட்டி போன்ற தடயம் கிடைத்தால் மாற்றிக்கொள்ளலாம். தென்னிந்திய, இலங்கை மணிகளில் அலுமினா மிகுந்த சோடாக் கண்ணாடியே பெருவழக்கு என்பதால் பொதுவான சேர்க்கை ஒத்திருப்பது மட்டும் போதாது. மணலின் சுவட்டுத் தனிமங்கள் வரை ஒப்பிட வேண்டும். அதற்கு அழகான முழு மணிகளைவிட, உலையடியில் சிந்தி உருக்குலைந்த துணுக்குகளே உதவும்.