பெயர் சொல்லாத குதிரை வீரன்

பிரெஞ்சில் "மசெதுவான்" என்று ஒரு சொல் உண்டு. கேரட், பீன்ஸ், பட்டாணி எல்லாவற்றையும் பொடியாக நறுக்கி, வேகவைத்துக் கலந்தால் அது மசெதுவான். பழங்களைக் கலந்தாலும் அதே பெயர்தான். நம் ஊரில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்த பழைய ஆட்களுக்கு இது தெரிந்திருக்கும். மாசிடோனியா நாட்டின் பிரெஞ்சுப் பெயரும் இதே சொல்தான். பல இனத்தார், பல மொழியார் கலந்து வாழ்ந்த இடம் என்பதால் காய்கறிக் கலவைக்கு அந்தப் பெயர் வந்தது என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். அந்தக் கலவைக்குள் தங்களுக்கென்று ஒரு பெயர் கேட்டவர்கள் 20 லட்சம் பேர். அவர்கள் நாட்டுத் தலைநகரம் ஸ்கோப்யே. அன்னை தெரேசா 1910இல் பிறந்தது அங்கேதான் என்றால் சட்டென்று பிடிபடும்.

ஸ்கோப்யேயின் நடுச் சதுக்கத்தில் 2011 ஜூன் மாதம் ஒரு வெண்கலச் சிலையை நிறுத்தினார்கள். முன்னங்கால்களைத் தூக்கி நிற்கும் குதிரை, அதன் மேல் வாளை உயர்த்திய இளைஞன். பீடத்தோடு சேர்த்தால் எட்டு மாடி உயரம் வரும். கீழே நீரூற்று, சிங்கங்கள், இரவில் வண்ண விளக்கு. வார்த்தது இத்தாலியில், ஃபிளாரன்ஸ் நகரில். பார்க்கிற சின்னப் பிள்ளைகூட அலெக்சாண்டர் என்று சொல்லிவிடும். ஆனால் அரசாங்கம் வைத்த பெயர் "குதிரை மேல் வீரன்". அவ்வளவுதான். ஆற்றுக்கு அந்தப் பக்கம் அவருடைய அப்பா பிலிப்புக்கும் சிலை உண்டு. அதற்கும் "வீரன்" என்றுதான் பெயர். அலெக்சாண்டர் என்று எழுதினால் பக்கத்து நாடான கிரீஸ் சண்டைக்கு வரும். எழுதாவிட்டாலும் வந்தது என்பது வேறு விஷயம்.

இதைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். மாசிடோனியா என்ற நிலப்பரப்பு ஐந்நூறு ஆண்டுகள் துருக்கியரிடம் இருந்தது. பால்கன் போர்களில் துருக்கியர் தோற்றபின், 1913 ஆகஸ்டில் புக்காரெஸ்ட் உடன்படிக்கைப்படி அதைப் பங்கு போட்டார்கள். ஏறத்தாழப் பாதி கிரீசுக்கு, அதற்கடுத்த பெரிய பங்கு செர்பியாவுக்கு, சிறு துண்டு பல்கேரியாவுக்கு. செர்பியாவிடம் போன பங்குதான் பின்னர் யூகோஸ்லாவியாவில் ஒரு குடியரசாகி, 1991இல் தனி நாடானது. "மாசிடோனியக் குடியரசு" என்று பெயர் வைத்துக்கொண்டது.

கிரேக்கர்கள் கொதித்தார்கள். அவர்கள் நாட்டின் வடபகுதிக்கும் மாசிடோனியா என்றுதானே பெயர்! தெசலோனிகி அதன் பெரிய நகரம். அங்கே வெர்ஜினா என்ற கிராமத்தில் 1977இல் ஆண்ட்ரோனிகோஸ் என்ற பேராசிரியர் அரச கல்லறைகளைத் தோண்டி எடுத்தார். அதில் ஒரு பொற்பெட்டியின் மூடியில் பதினாறு கதிர்கள் கொண்ட சூரியன் இருந்தது. புதிய நாடு 1992இல் அதே சூரியனைத் தன் கொடியில் போட்டுக்கொண்டது. கிரேக்கர்களுக்கு எப்படி இருந்திருக்கும்? பெயரை எடுத்தாய், கொடியையும் எடுத்தாய், நாளை நிலத்தையும் கேட்பாயோ என்ற பயம். அதற்குப் பின்னால் 1940களின் உள்நாட்டுப் போரின் கசப்பும் இருந்தது.

நான் எழுத்தராக இருந்தவன். எனக்குச் சுவையாக இருப்பது கோப்புகளின் பக்கம்தான். 1993இல் ஐ.நா. சபை இந்த நாட்டைச் சேர்த்துக்கொண்டபோது வைத்த தற்காலிகப் பெயர் "முன்னாள் யூகோஸ்லாவிய மாசிடோனியக் குடியரசு". ஒரு நாட்டின் பெயரிலேயே "முன்னாள்"! ஆங்கில அகரவரிசையில் "எம்" எழுத்தில் உட்காரவைத்தால் கிரீசுக்குக் கோபம் வரும் என்று "டி" எழுத்தில், தாய்லாந்துக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டார்கள். மறு ஆண்டு கிரீஸ் வணிகத் தடை விதித்தது. 1995இல் இடைக்கால ஒப்பந்தம் போட்டார்கள். அதில் எந்த நாட்டின் பெயரும் இல்லை. நம் பத்திரப் பதிவு ஆபீஸ் மாதிரி "முதல் தரப்பு", "இரண்டாம் தரப்பு" என்றே எழுதி முடித்துவிட்டார்கள். எழுதியவர் யாராக இருந்தாலும் அவருக்கு என் வணக்கம். அதன்படி கொடியில் சூரியனின் கதிர்கள் எட்டாகக் குறைந்தன.

அப்படியும் 2008இல் நேட்டோவில் சேர முடியாமல் கிரீஸ் தடுத்தது. அது ஒப்பந்தத்தை மீறியது என்று பன்னாட்டு நீதிமன்றம் 2011இல் தீர்ப்புச் சொன்னது. தீர்ப்பால் கதவு திறக்கவில்லை.

சிலைகளின் காலம் இதுதான். பிரதமர் நிகோலா க்ருயெவ்ஸ்கி 2006இலேயே விமான நிலையத்துக்கு அலெக்சாண்டர் பெயரை வைத்திருந்தார். 2010இல் "ஸ்கோப்யே 2014" என்று திட்டம் அறிவித்தார். முதலில் சொன்ன செலவு 8 கோடி யூரோ. பத்திரிகையாளர்கள் பின்னர் கூட்டிப் பார்த்ததில் 60 கோடியைத் தாண்டியது. நூற்றுக்கும் மேற்பட்ட சிலைகள், கட்டடங்கள், பாலங்கள். அலெக்சாண்டரின் தாய் ஒலிம்பியாஸ் கர்ப்பிணியாக ஒரு சிலை, குழந்தையோடு இன்னொரு சிலை.

ஸ்கோப்யே 1963 ஜூலை 26 விடியற்காலையில் நிலநடுக்கத்தில் இடிந்த ஊர். ஆயிரம் பேருக்கு மேல் இறந்தார்கள். பழைய ரயில் நிலையத்தின் கடிகாரம் 5.17இல் நின்றது, இன்றும் அப்படியே வைத்திருக்கிறார்கள். உலக நாடுகள் உதவி செய்தன. ஜப்பானிய கட்டடக் கலைஞர் கென்சோ டாங்கே நகரின் நடுப்பகுதிக்கு வரைபடம் போட்டார். அந்தக் கான்கிரீட் கட்டடங்கள் சிலவற்றின் மேல்தான் இப்போது வெள்ளைத் தூண்களும் அலங்கார முகப்பும் ஒட்டினார்கள். உண்மையில் அவர்கள் எழுந்து நின்ற வரலாறு அந்தக் கான்கிரீட்டில் இருந்தது. அதை மூடிவிட்டு 2300 ஆண்டுக்கு முந்திய ஒருவரைத் தேடிப் போனது எனக்குச் சரியாகப் படவில்லை.

அலெக்சாண்டர் விஷயத்தில் கிரேக்கர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. அவருக்குப் பாடம் சொன்னவர் அரிஸ்டாட்டில். அரசவை மொழி கிரேக்கம். ஸ்கோப்யேக்காரர்கள் பேசுவது பல்கேரியனுக்கும் செர்பியனுக்கும் உறவான ஸ்லாவிய மொழி. ஸ்லாவியர் பால்கனுக்கு வந்ததே கி.பி. 6, 7ஆம் நூற்றாண்டுகளில். ஆனால் பெயர் விஷயத்தில் நான் கிரேக்கர் பக்கம் இல்லை. பாட்டன் முப்பாட்டன் காலமாக அந்த மண்ணில் இருப்பவர்கள் மண்ணின் பெயரால் தங்களை அழைத்துக்கொள்ள யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்? கிரீசில் இருந்த ஸ்லாவிய மொழிக்காரர்களை 1936க்குப் பின் மெடாக்சஸ் அரசு தாய்மொழியே பேசக்கூடாது என்று தடுத்ததையும் மறக்கக்கூடாது. உன் பெயர் உனக்கில்லை என்று இருபது ஆண்டு சொல்லிக்கொண்டே இருந்தால், கேட்கிறவன் எட்டு மாடி உயரத்துக்குச் சிலை வைத்துத்தான் பதில் சொல்வான் போலிருக்கிறது.

நாட்டுக்குள்ளேயும் எல்லோரும் ஏற்கவில்லை. கால்வாசிப் பேர் அல்பேனியர்கள். அவர்களுக்கு அலெக்சாண்டரும் வேண்டாம், அந்தச் செலவும் வேண்டாம். அன்னை தெரேசாவும் அல்பேனியக் குடும்பம்தான். 2016இல் அரசை எதிர்த்துக் கிளம்பிய கூட்டம் வெள்ளை முகப்புகள் மேல் கலர் பெயிண்டை வீசியடித்தது. "வண்ணப் புரட்சி" என்று அதற்குப் பெயர். க்ருயெவ்ஸ்கி பதவி இழந்து, ஒரு மெர்செடிஸ் கார் வாங்கிய வழக்கில் இரண்டாண்டு தண்டனை பெற்று, சிறைக்குப் போகாமல் 2018இல் ஹங்கேரிக்கு ஓடிப்போனார்.

அதே ஆண்டு ஜூன் 17 அன்று பிரெஸ்பா ஏரிக்கரையில் கையெழுத்தான ஒப்பந்தத்தை நான் இரண்டு முறை படித்தேன். நாட்டின் பெயர் "வடக்கு மாசிடோனியா". மொழி "மாசிடோனியன்", ஆனால் அது தெற்கு ஸ்லாவிய மொழிக் குடும்பம் என்று குறிப்பு. பண்டைய கிரேக்க நாகரிகத்தோடு தொடர்பில்லை என்றும் ஒப்புதல். குடியுரிமைக்கு "மாசிடோனியன் / வடக்கு மாசிடோனியக் குடியரசின் குடிமகன்" என்று ஒரு சாய்கோடு. காரின் எண் பலகையில் முன்னால் ஓர் எழுத்து கூடுதல். பாஸ்போர்ட்டை மாற்ற ஐந்து ஆண்டு அவகாசம். சிலைகளை ஆறு மாதத்துக்குள் மறுபரிசீலனை செய்ய வேண்டும். அதன்படி, இது பண்டைய கிரேக்க வரலாற்றைச் சேர்ந்தது என்று பலகை வைத்தார்கள். சிலைகளை இடிக்கவில்லை.

நம் ஊர் 2006இல் பாண்டிச்சேரியிலிருந்து புதுச்சேரி ஆனபோது லெட்டர்ஹெட், ரப்பர் ஸ்டாம்ப், பெயர்ப்பலகை என்று நாங்கள் மாற்றியதெல்லாம் நினைவுக்கு வந்தது. ஆனால் நமக்கு அது நம் வாயில் ஏற்கெனவே இருந்த பெயர், மகிழ்ச்சியாக மாற்றினோம். அவர்கள் அயலார் கேட்டதற்காக மாற்றினார்கள். 2018 செப்டம்பர் பொது வாக்கெடுப்பில் 37 சதவீதம் பேர்தான் வந்தார்கள். நாடாளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு சேர்த்து, 2019 பிப்ரவரியில் பெயர் மாறியது. 2020 மார்ச்சில் நேட்டோ கதவு திறந்தது. 2024 மே மாதம் புதிய குடியரசுத் தலைவர் பதவியேற்றபோது உறுதிமொழியில் "வடக்கு" என்பதை விட்டுவிட்டே படித்தார். கிரேக்கத் தூதர் எழுந்து போய்விட்டார்.

இப்போது அடுத்த தகராறு பல்கேரியாவோடு. துருக்கியரை எதிர்த்து 1903இல் உயிர் விட்ட கோட்சே டெல்செவ் யாருடையவர்? பிறந்த ஊர் இன்று கிரீசில் இருக்கிறது. எலும்புகள் சோஃபியாவில் இருந்து 1946இல் ஸ்கோப்யேக்கு வந்தன. இரண்டு நாடுகளும் எங்கள் வீரர் என்கின்றன. சேர்ந்து பேசி முடிவு சொல்ல வரலாற்றாசிரியர் குழு ஒன்று அமைத்தார்கள். டெல்செவ் விஷயத்தில் அது இழுத்துக்கொண்டே போனது. ஐரோப்பிய ஒன்றியப் பேச்சைப் பல்கேரியா 2020இல் தடுத்தது. அரசமைப்புச் சட்டத்தில் பல்கேரியர்களையும் பெயர் சொல்லிச் சேர்க்க வேண்டும் என்பது 2022இல் வந்த நிபந்தனை. 2021 மக்கள்தொகைக் கணக்கில் பல்கேரியர் என்று எழுதிக்கொண்டவர்கள் 3,504 பேர். அந்தத் திருத்தத்துக்கும் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். இந்த முறை சேரவில்லை.