நாலாக மடித்த கம்பளி

வீட்டில் தியானம் பழகத் தொடங்குகிறவர்கள் முதலில் கேட்பது மூச்சைப் பற்றியோ மனதைப் பற்றியோ இல்லை. "எதுல உக்காருறது?" என்றுதான் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். மார்கழி, தை மாதத்து விடியற்காலையில் லயத்துச் சீமெந்துத் தரையில் பத்து நிமிடம் வெறுமனே உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு அது விளங்கும். நுவரெலியா 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அந்த மாதங்களில் புல்லில் உறைபனி படிகிற ஊர். ஹட்டன் அவ்வளவு மோசமில்லை, ஆனா ஈரம் விடாது. தரையிலிருந்து குளிர் ஏறும், கால் மரத்துப்போகும், முதுகு கூனும். அப்புறம் எங்க தியானம்?

இதை வாங்குங்கள், இவ்வளவு விலை என்று சொல்லிவிட்டுப் போயிடலாம். ஆனால் எங்கள் மலைகளில் "எதில் உட்காருவது" என்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. அது ஒரு கடன் கணக்கில் தொடங்குகிறது.

1820களில் கோப்பித் தோட்டங்களுக்கும், பிறகு தேயிலைத் தோட்டங்களுக்கும் வந்தவர்கள் திருச்சி, சேலம், மதுரை, புதுக்கோட்டைப் பக்கத்து மக்கள். வெயில் காய்ந்த ஊர்கள். அவர்கள் கட்டியிருந்த துணி அந்த வெயிலுக்கு ஏற்ற துணி. மன்னாரில் இறங்கி, காட்டுவழி நடந்து, மாத்தளை தாண்டி மேலே ஏற ஏறத்தான் குளிர் என்றால் என்னவென்று தெரிந்திருக்கும். மலையில் முதலில் தேவைப்பட்ட பொருள்களில் ஒன்று கம்பளி. தோட்டம் கொடுத்தது, சும்மா இல்லை. வழிச்செலவு, அரிசி, கம்பளி எல்லாம் முற்பணமாக எழுதப்பட்டன. கங்காணி பெயரில் ஏறிய கடன் தொழிலாளியின் தலையில் இறங்கியது. அந்தக் கடனைத் தீர்க்காமல் இன்னொரு தோட்டத்துக்குப் போக முடியாது. கடனைக் கட்டினால் ஆள்களை விடுவிப்பதாகத் துரை எழுதிக் கொடுக்கிற சீட்டுக்குத்தான் 'துண்டு' என்று பெயர். துண்டு முறை 1921 இல்தான் ஒழிந்தது. அதாவது ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலை நட்ட 1867 ஆம் ஆண்டிலிருந்து கணக்குப் பார்த்தாலும் ஐம்பது வருடத்துக்கு மேல், ஒரு மனிதன் போர்த்தியிருந்த கம்பளியும் அவனைக் கட்டிப்போட்ட கயிற்றில் ஒரு இழையாக இருந்தது.

வெள்ளைக்காரர்களுக்கு இந்தப் பொருள் நன்றாகத் தெரியும். 1886 இல் வெளிவந்த 'ஹொப்சன் ஜொப்சன்' என்ற ஆங்கில - இந்தியச் சொல் அகராதியில் கம்பளி ஒரு தனிச் சொல்லாகவே இடம்பெற்றிருக்கிறது. முரட்டுக் கம்பளித் துணி என்றுதான் அதற்குப் பொருள்.

அந்த முரட்டுத் துணி செய்த வேலை கொஞ்சமா? பகலில் மடித்துத் தலையில் போட்டால் கொங்காணி. மழையில் கொழுந்து எடுக்கும்போது அதுதான் குடை. இரவில் போர்வை. பிள்ளை பெற்றவளுக்குப் படுக்கை. ஒறம்பரை வந்தா மடிச்சுப் போட்டு, "உக்காருங்க" என்று சொல்வதற்கும் அதுவேதான். அதற்கு அடுத்தது சாக்கு. தோட்டத்து அரிசி இந்தியாவிலிருந்தும் பர்மாவிலிருந்தும் சணல் மூட்டைகளில் வந்தது. அரிசி தீர்ந்ததும் அந்தச் சாக்கு இடுப்பில் படங்காகும், இல்லாவிட்டால் தரையில் விரிப்பாகும். பாய் வாங்க முடிந்த வீடுகளில் பாய் இருந்தது.

நாற்காலி யாருக்கு இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். தோட்டத்தில் உட்காருவது ஒரு பதவி. துரைக்கு நாற்காலி, எழுதுகிற கணக்கப்பிள்ளைக்கு ஒரு இருக்கை, பெரட்டுக்களத்தில் இருட்டோடு வந்து நிற்கிற ஆள்களுக்கு நிற்பதுதான் வேலை. துரைமாருக்குத் தோட்டத் தமிழ் கற்பிக்க வந்த பழைய கையேடு ஒன்றின் பெயரே 'இங்கே வா'. 'இங்கே உட்கார்' என்று யாரும் ஒரு கையேட்டுக்குப் பெயர் வைக்கவில்லை. மலையில் உட்கார்ந்திருப்பதைக் கங்காணி பார்த்துவிட்டால் அன்றைக்கு அரைப்பேருதான் என்று எங்கள் அப்பாயிமார் இன்னமும் சொல்கிறார்கள். அவர்கள் உடம்பில் உட்காருவது என்றால் களவு செய்கிற மாதிரி ஒரு பதற்றம் இருக்கிறது. தியானத்துக்கு உட்காரச் சொன்னால் அஞ்சாவது நிமிஷம், "அடுப்பப் பாத்துட்டு வந்துடுறேன்" என்று எழுந்துவிடுகிறார்கள். இதை மனதின் சஞ்சலம் என்று சாமியார்கள் சொல்லலாம். நாங்கள் அதைத் தோட்ட வரலாறு என்றுதான் சொல்வோம்.

தியான ஆசனத்தின் வரலாறு இதற்கெல்லாம் மிகப் பழையது. பகவத் கீதையின் ஆறாம் அத்தியாயம் அதற்கு ஒரு செய்முறையே தருகிறது: இடம் சுத்தமாக இருக்க வேண்டும், ஆசனம் ரொம்ப உயரமாகவும் கூடாது, ரொம்பத் தாழ்வாகவும் கூடாது, தர்ப்பைப் புல், அதன்மேல் மான்தோல், அதன்மேல் துணி. கொஞ்சம் யோசித்துப் பார்த்தால் இது பக்தி விஷயம் மட்டுமில்லை. புல் தரையின் ஈரத்தைத் தடுக்கிறது, தோல் சூட்டைப் பிடித்து வைக்கிறது, துணி உறுத்தாமல் பார்த்துக்கொள்கிறது. மூன்று அடுக்கு, மூன்று வேலை. புத்தர் ஞானம் பெற்ற இரவில் உட்கார்ந்தது புல் அறுக்கிற சொத்தியன் கொடுத்த எட்டுக் கைப்பிடி புல்லின்மேல் என்று பாளி மரபு சொல்கிறது. செலவே இல்லை.

பிக்குகளின் விநய விதிகளில் எங்களுக்கு மிகவும் பிடித்தது கம்பளி விரிப்பைப் பற்றிய பகுதி. கறுப்பு ஆட்டு ரோமத்தில் மட்டும் விரிப்புச் செய்யக்கூடாது. அது வசதியுள்ள இல்லறத்தாரின் ஆடம்பரம் என்று சனங்கள் குறை சொன்னார்களாம். ஒரு விரிப்புச் செய்தால் ஆறு வருடம் வைத்துப் பாவிக்க வேண்டும். உட்காருவதற்குப் புதிதாக ஒன்று செய்யும்போது பழையதிலிருந்து ஒரு சாண் துண்டை எடுத்து அதில் சேர்க்க வேண்டும். ஒரு நாட்டில் ஆடம்பரமான கறுப்புக் கம்பளி, இன்னொரு காலத்தில் கூலியாளின் கணக்கில் ஏறிய முரட்டுக் கம்பளி! துணிக்கு என்ன தெரியும்.

இன்றைக்குக் கடைகளில் 'தியான குஷன்' என்று விற்கிற உருண்டையான திண்டு ஜப்பானிய சென் மடாலயங்களிலிருந்து வந்தது. அங்கே அதற்கு ஸாஃபு என்று பெயர். பெயருக்குள்ளேயே கோரைப்புல் இருக்கிறது. பிறகு இலவம் பஞ்சு அடைத்தார்கள், மேற்கு நாடுகளில் பக்வீட் என்ற தானியத்தின் உமியையும் அடைக்கிறார்கள். அமெரிக்கக் கடைகளில் ஐம்பது டொலர் அளவில் விற்கிறது. 2024 இல் தோட்டத் தொழிலாளிக்குத் தீர்மானித்த அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபா. டொலர் 300 ரூபா என்று வைத்தால் ஒரு குஷனுக்குப் பதினொரு பேரு. பதினொரு நாள் கொழுந்து எடுத்து, உட்காருவதற்கு ஒரு திண்டு!

இந்த மலைகளுக்குத் தியானம் புதிது இல்லை. கோவை செட்டிபாளையத்தில் பிறந்த சுவாமி சச்சிதானந்தர் சிவானந்தரின் சீடராக இலங்கைக்கு வந்து கண்டியில் ஆசிரமம் நடத்தினார். 1966 இல் அமெரிக்கா போனார். 1969 இல் வுட்ஸ்டொக் இசை விழாவின் தொடக்கத்தில் மேடையில் சம்மணமிட்டு உட்கார்ந்து பேசியவர் அவர்தான். கலஹாப் பக்கம், தேயிலை மலைக்கு மேலே, நிலம்பே தியான நிலையம் 1979 இல் தொடங்கியது. கொட்வின் சமரரத்ன என்ற இல்லறத்தார் 2000 ஆம் ஆண்டில் இறக்கும்வரை அங்கே சொல்லிக்கொடுத்தார். பல ஆண்டுகள் மின்சாரம் இல்லாமல் நடந்த இடம் அது. வெளிநாட்டவர்கள் தேடி வந்து மாதக்கணக்கில் மௌனமாக உட்கார்ந்தார்கள்.

அதே ஆண்டுகளில் கீழே லயங்களில் என்ன நடந்தது? 1948 இன் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்கள் ஆனவர்கள், 1964 இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி யார் இங்கே, யார் அங்கே என்று பிரிந்துகொண்டிருந்தார்கள். ஒரே வீட்டில் அண்ணன் இந்தியா, தங்கச்சி இலங்கை. 1977 இலும் 1983 இலும் வன்செயல் தோட்டங்களுக்குள்ளும் வந்தது. கதவுக்கு வெளியே சத்தம் கேட்டால் எழுந்து ஓட வேண்டும் என்ற நிலையில் இருந்தவர்களுக்குக் கண்ணை மூடிக்கொண்டு உட்காரச் சொல்ல யாராலும் முடியாது. நிலம்பேயில் உட்கார்ந்தவர்களை நாங்கள் குறை சொல்லவில்லை. அதே மலைச்சரிவில், அதே குளிரில், யாருக்கு உட்கார நேரமும் இடமும் இருந்தது என்பதை மட்டும் பார்க்கிறோம்.

இடம் என்றதும் அளவைச் சொல்ல வேண்டும். பழைய லயத்துக் காம்பரா பத்துக்குப் பன்னிரண்டு அடி. அதற்குள்ளே ஆறு பேர் இருந்தால், தியானம் பண்ணுகிறவர் தனக்கென்று நிரந்தரமாக ஒரு மூலையைக் கேட்க முடியாது. ஆகவே எங்கள் வீடுகளில் ஆசனத்துக்கு முதல் தகுதி, எடுத்து வைக்கக்கூடியதாக இருப்பது. அந்தப் பெரிய உருண்டைத் திண்டு இந்த இடத்திலேயே தோற்றுவிடுகிறது. கம்பளி மடித்துப் பெட்டிமேல் போய்விடும்.

சரி, எப்படி உட்காருவது? சம்மணம் போட்டால் முழங்கால் இரண்டும் இடுப்பை விடத் தாழ்ந்து தரையைத் தொட வேண்டும். அப்போதுதான் இடுப்பெலும்பு லேசாக முன்னே சாய்ந்து முதுகு தானாக நிமிரும். நாம் பிடித்து நிறுத்த வேண்டியதில்லை. அதற்குப் பலருக்கு நாலு முதல் ஆறு அங்குல உயரம் தேவைப்படும். கம்பளியை நாலாக மடியுங்கள், பிறகு ஒரு ஓரத்தைச் சுருட்டி மேடாக்குங்கள், அந்த மேட்டின் முன்பாதியில் மட்டும் உட்காருங்கள். முழுவதுமாக ஏறி உட்கார்ந்தால் தொடை அழுத்துப்பட்டுக் கால் மரத்துப்போகும். முழங்கால் அந்தரத்தில் நின்றால் உயரம் போதவில்லை என்று அர்த்தம். இன்னொரு துணியை மடித்து வையுங்கள். அடியில் ஒரு பொலித்தீன் அல்லது பழைய சாக்கு. கீதையின் மூன்று அடுக்கு அப்படியே வந்துவிட்டது!

கம்பளி இல்லாதவர்கள் தும்பு மெத்தையின் பழைய துண்டு ஒன்றை வெட்டித் தைக்கலாம். தும்பு அமுங்காது, ஈரத்தைச் சீக்கிரம் விட்டுவிடும். குத்தும் என்பதால் தடித்த உறை வேண்டும். எங்கள் மலைக்கு இதுதான் பொருத்தம் என்பது எங்கள் எண்ணம். இலவம் பஞ்சு சுகமானது, ஆனால் இந்த மூடுபனியில் கட்டி கட்டியாகிவிடும், வெயில் கண்ட அன்றெல்லாம் வெளியே போட வேண்டும். ஸ்பொஞ் மலிவு. வாங்கிய வாரம் சொர்க்கம், ஆறு மாதத்தில் தரையிலேயே உட்கார்ந்த மாதிரிதான். நெல் உமியைச் சலித்து, நன்றாகக் காயவைத்து அடைத்தால் உடம்பின் வடிவத்துக்கு இடம் கொடுக்கும். ஜப்பான்காரன் செய்வதும் கிட்டத்தட்ட அதுதான். ஸ்டோர்ல கிடைக்கிற தேயிலைக் கழிவை அடைக்கலாமா என்று எங்களில் ஒருவர் கேட்டார். தேயிலை ஈரத்தை உறிஞ்சிப் பூசணம் பிடிக்கும். வேண்டாம்.

முப்பது வருடம் கூடை சுமந்து மேடு பள்ளம் ஏறி இறங்கிய ஒரு அம்மாவுக்கு இந்த எதுவும் சரிவராமல் போகலாம். முழங்கால் மடங்காதவரை மடக்கச் சொல்லாதீர்கள். அடுப்படியில் கிடக்கிற மணைப்பலகையின்மேல் கம்பளியை மடித்துப் போட்டு, காலைக் கொஞ்சம் நீட்டி, முதுகைச் சுவரில் சாய்த்துக்கொள்ளலாம். சுவர் சில்லென்று இருந்தால் முதுகுக்கும் ஒரு துணி. அதுவும் முடியாதா, வீட்டில் இருக்கிற பிளாஸ்டிக் நாற்காலியில் பாதம் தரையில் படும்படி உட்காரட்டும். பாதம் எட்டாவிட்டால் கீழே ஒரு பலகை. தரையில் உட்கார்ந்தால்தான் தியானம் என்று எந்தத் தோட்டத்துச் சட்டத்திலும் இல்லை, எங்களுக்குத் தெரிந்து எந்தச் சாஸ்திரத்திலும் இல்லை.

இப்போது பஜாரில் கம்பளி என்று விற்பது பெரும்பாலும் செயற்கை நூல். சூடு தரும், ஆனால் வழுக்கும். சுருட்டிய மேடு நிற்காது. பழைய ஆட்டு ரோமக் கம்பளி யார் வீட்டிலாவது, பெட்டியடியில், பூச்சி அரித்த நிலையில் கிடந்தால் தூக்கி எறியாதீர்கள். இரண்டு நாள் நல்ல வெயிலில் போட்டுத் தட்டி எடுங்கள். அரிக்காத இடத்தில் ஒரு சாண் தேறினாலும் வெட்டி, புதிதாகத் தைக்கிற உறையின் மேல்பக்கத்தில் வைத்துத் தைக்கலாம். ரோமம் குத்துவதால் மேலே ஒரு பழைய பருத்திச் சேலைத் துண்டு இருப்பது நல்லது.