கொள்ளைக் காய்ச்சலும் எளியோர் மருந்தும்

பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பக்தாத் நகர மருத்துவமனையின் தலைமை மருத்துவராய் விளங்கிய மாமேதை அபூபக்ர் முஹம்மத் இப்னு ஸகரிய்யா அர்ராஸி அவர்கள், மருத்துவரை அணுக வாய்ப்பற்ற மக்களுக்கென்றே ஒரு நூல் இயற்றினார். ‘ஏழைகளின் மருத்துவம்’ எனப் பொருள்படும் ‘திப்புல் ஃபுகரா’ என்ற பெயரும் அதற்கு உண்டு. கடைத்தெருவிலும் சமையற்கட்டிலும் எளிதிற் கிடைக்கும் பொருள்களைக் கொண்டே நோய் தீர்க்கும் வழிகளை அந்நூல் கூறுகின்றது.

அதே அறிஞர் மற்றொரு செயலும் செய்தார். மூளைச் சவ்வைத் தாக்கும் காய்ச்சலுக்குக் குருதி வெளியேற்றுதல் அக்கால மருத்துவம். அதனால் உண்மையில் பயன் உண்டா என அறிய விரும்பிய ராஸி, நோயாளருள் ஒரு சாராருக்கு அச்சிகிச்சையை அளித்து, மற்றொரு சாராருக்கு அளிக்காது விடுத்து, இரு சாராரையும் ஒப்பு நோக்கியதாகத் தம் குறிப்புகளில் எழுதியிருக்கின்றார். மருந்து எளியோர் கைக்கு எட்ட வேண்டும்; அது பயன் தருகின்றதா என்பதும் சோதித்து அறியப்பட வேண்டும். இவ்விரண்டில் ஒன்று குறைந்தாலும் என்ன நேரும் என்பதைக் கடந்த நூறாண்டுக் காலக் கொள்ளைக் காய்ச்சல்களின் வரலாறு நமக்குக் காட்டுகின்றது.

1918ஆம் ஆண்டு, முதலாம் உலகப்போர் முடியும் தறுவாயில், இன்புளூயன்சா எனும் விஷக் காய்ச்சல் உலகைச் சூழ்ந்தது. ஜூன் மாதம் பம்பாயில் தோன்றிய அது, செப்டம்பரில் கொடிய வடிவெடுத்துத் திரும்பிற்று. இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் மாண்டனர் என ஆய்வாளர் கணக்கிடுகின்றனர். மாண்டவருள் பெரும் பகுதியினர் குடும்பத்தைத் தாங்கி நின்ற இளவயதினர் என்பது துயரிலும் துயரம்.

அன்று மருத்துவர் கையில் இருந்த மலிவான மருந்து ஆஸ்பிரின். அமெரிக்காவில் அதன் காப்புரிமை 1917இல் முடிவுற்றமையால் பல நிறுவனங்கள் அதனைத் தயாரிக்கத் தொடங்கியிருந்தன. நாளொன்றுக்கு 8 கிராம் முதல் 31 கிராம் வரை கொடுக்கலாம் என்று அன்றைய பரிந்துரைகள் கூறின. இக்காலத்தில் 4 கிராமைத் தாண்டுவதற்கே மருத்துவர் அஞ்சுவர். அளவு மீறிய ஆஸ்பிரின் நுரையீரலில் நீர் கோக்கச் செய்யும். 1918இன் மரணங்களுள் ஒரு பகுதிக்கு அம்மருந்தே காரணமாய் இருந்திருக்கலாம் என 2009இல் கேரன் ஸ்டார்கோ என்னும் அமெரிக்க மருத்துவர் கருத்துரைத்தார். மருந்து மலிவாய் இருந்தது. அதன் அளவைச் சோதித்தறிய எவரும் முற்படவில்லை.

அக்காலத்து நுரையீரல் திசுக்களை மீண்டும் ஆராய்ந்த அமெரிக்க அறிஞர்கள் 2008இல் ஓர் உண்மையை வெளியிட்டனர். 1918இல் இறந்தவருள் மிகப் பெரும்பாலோரைக் கொன்றது வைரஸ் மட்டுமன்று. அது திறந்துவிட்ட வாயில் வழியே நுழைந்த பாக்டீரியாக்கள் விளைத்த நிமோனியாவே. அந்த நிமோனியாவை வெல்லவல்ல பென்சிலினை அலெக்சாண்டர் ஃபிளெமிங் கண்டது 1928இல். ஃபுளோரியும் செயினும் அதனை மருந்தாக்கியது 1940களில்.

1957இல் புதியதோர் இன்புளூயன்சா ஆசியாவெங்கும் பரவிற்று. இந்தியாவில் அது முதலில் தோன்றியது நம் சென்னையிலேதான். பன்னிரண்டு வாரங்களுக்குள் நாடு முழுவதையும் வளைத்தது. 1958 பிப்ரவரித் தொடக்கம் வரை பதிவான நோயாளர் 44,51,785 பேர். பதிவான மரணங்கள் 1,098. பதிவேட்டிற்கு வராத மரணங்களும் இருந்திருக்கும். அவ்வைரஸ் 1918இன் வைரஸைப் போலக் கொடியதும் அன்று. ஆதலின் முழுப் பெருமையையும் மருந்துக்கே அளித்தல் நேர்மையாகாது. எனினும், நிமோனியாவுக்கு மருந்தே இல்லாத நிலை அன்று மாறியிருந்தது.

2020இல் உலகை முடக்கிய கோவிட் இன்புளூயன்சா அன்று. ஆயினும் மலிவு மருந்துகளைப் பற்றி அது புகட்டிய பாடம் பெரிது. அவ்வாண்டு மார்ச்சில் ஆக்ஸ்போர்டுப் பேராசிரியர்கள் பீட்டர் ஹார்பி, மார்ட்டின் லாண்ட்ரே ஆகியோர் பிரிட்டன் முழுவதிலுமுள்ள மருத்துவமனைகளை இணைத்து ஒரு சோதனை தொடங்கினர். யாருக்கு எம்மருந்து என்பதைக் குலுக்கல் முறையே தீர்மானித்தது. அரை நூற்றாண்டுக்கும் மேலாகப் புழக்கத்திலிருந்த டெக்ஸாமெதசோன் எனும் மலிவான ஸ்டீராய்டு 2,104 பேருக்குக் கொடுக்கப்பட்டது. அம்மருந்தின்றி வழக்கமான சிகிச்சை பெற்றோர் 4,321 பேர். செயற்கைச் சுவாசக் கருவியில் இருந்தோரில் 100க்கு 41 ஆக இருந்த மரணம் 29 ஆகக் குறைந்தது. இது ஜூன் 16 அன்று உலகுக்கு அறிவிக்கப்பட்டது.

ஆனால் பிராணவாயு தேவைப்படாத நோயாளருக்கு அம்மருந்து நன்மை செய்யவில்லை. தீங்கு செய்யவும் கூடும் என்றே எண்ணிக்கைகள் காட்டின. உலகமே நம்பிய ஹைட்ராக்சிகுளோரோகுயினும் அதே சோதனையில் தோற்றது. அதுவும் மலிவான மருந்துதான். 2021இல் நம் நாட்டில் 40,000க்கும் மேற்பட்டோரைத் தாக்கிய கருப்புப் பூஞ்சை நோய்க்கு, நீரிழிவோடு ஸ்டீராய்டுகளின் வரம்பற்ற பயன்பாடும் காரணம் என மருத்துவர்கள் கூறினர். உரியவருக்கு உயிர் தந்த மருந்தே உரியவரல்லாதாருக்கு இடராயிற்று.

இன்புளூயன்சாவுக்கும் இவ்வாறு ஒரு மருந்து கிட்டுமா? கொழுப்பைக் குறைக்க உலகெங்கும் உண்ணப்படும் ஸ்டாட்டின் மாத்திரைகளைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என அமெரிக்க மருத்துவர் டேவிட் ஃபெட்சன் 2006 முதலே வலியுறுத்தி வந்தார். கொள்ளைக் காய்ச்சல் வரும்போது தடுப்பூசியும் புதிய மருந்தும் ஏழை நாடுகளுக்குக் கடைசியாகவே வந்து சேரும்; ஆதலால் அந்நாடுகளில் ஏற்கெனவே உள்ளவற்றைத் தேட வேண்டும் என்பது அவர் வாதம். ஸ்டாட்டின் பற்றித் தீர்ப்பு இன்னும் எழுதப்படவில்லை. கோவிடில் உதவிய ஸ்டீராய்டுகளையோ, கடுமையான இன்புளூயன்சாவுக்குக் கொடுக்க வேண்டாம் என்றே உலக சுகாதார நிறுவனம் 2024இல் ஆலோசனை கூறிற்று. ஒரு நோய்க்கு உதவியது மற்றொன்றுக்கும் உதவும் என நாம் முடிவு கட்டிவிட இயலாது.

காப்புரிமை கழிந்த மாத்திரையைச் சோதிக்க எந்த வணிகரும் பொருள் செலவிட முன்வரார்; அதில் அவருக்கு இலாபம் இல்லை. அப்பொறுப்பு அரசுகளுடையது, பொது மருத்துவமனைகளுடையது, அறநிலையங்கள் நடத்தும் செல்வர்களுடையது. அடுத்த கொள்ளைக் காய்ச்சல் வருமுன்னரே அச்சோதனைகளுக்கான ஏற்பாடு நடைபெற வேண்டும். வீட்டிலிருக்கும் நமக்கும் ஒரு கடமை உண்டு. மலிவு என்பதற்காக மருந்தை இகழவும் வேண்டாம்; மலிவாய்க் கிடைக்கின்றது என்பதற்காக மருத்துவரைக் கேளாது விழுங்கவும் வேண்டாம். ஏழைக்கென நூல் எழுதிய ராஸியே, சோதித்துப் பாராமல் எதனையும் நம்ப மறுத்தவர் என்பதை நாம் மறவாதிருப்போமாக!