வாணிக வேடம் பூண்ட போர்க்கலங்கள்

மெய்ப்பொருள் நாயனார் சரிதத்தை நம் இல்லங்களில் அறியாதார் இலர். திருக்கோவலூரில் இருந்து அரசாண்ட அப்பெருமானைப் போரில் வெல்லமாட்டாத முத்தநாதன், திருநீறு பூசிச் சடைமுடி தாங்கி, ஏட்டுக்கட்டினுள் ஆயுதத்தை மறைத்துக்கொண்டு வந்தான். வாயிற்காவலர் அவ்வேடத்தைக் கண்டு வழிவிட்டனர். கையில் இருந்த ஆயுதம் அவனுடையதே. ஆயின் அரண்மனைக் கதவுகளைத் திறந்தது அவ்வாயுதம் அன்று. உண்மை அடியார் பலர் காலங்காலமாக ஈட்டிவைத்த நன்மதிப்பேயாம். பிறர் ஈட்டிய மதிப்பைக் களவாடிக் கொலைத்தொழிலுக்குக் கருவியாக்கும் இவ்வகைச் செயல், இருபதாம் நூற்றாண்டின் இரு பெரும் யுத்தங்களிலும் கடல்மீது நிகழ்ந்தது. அங்கே பூணப்பெற்றது வாணிகர் வேடம். வாணிகத்தையே தொழிலாகக் கொண்டு, கப்பலேறிக் கடல்கடந்து பொருள் தேடிய முன்னோர் வழிவந்த நாம் இவ்வரலாற்றை அறிந்திருத்தல் தகும் என்று கருதி, அதனைச் சுருக்கமாக ஈண்டு வரையலுற்றோம்.

கடற்போரில் பகைவனை ஏமாற்றும்பொருட்டுப் பிறநாட்டுக் கொடியைப் பறக்கவிடுதல் ஐரோப்பியருள் நெடுநாளாக வழங்கிய தந்திரமாகும். அதற்கு வழக்கம் வகுத்த வரம்பு ஒன்றே: முதற் குண்டு சுடுமுன் பொய்க்கொடியை இறக்கித் தன் கொடியை ஏற்றவேண்டும். 1907-ஆம் ஆண்டு ஹேக் நகரிற் கூடிய மாநாடு, வாணிகக் கப்பலைப் போர்க்கப்பலாக மாற்றுவதற்குச் சில விதிகளை இயற்றிற்று. அக்கப்பல் அரசாங்கத்தின் நேர் அதிகாரத்தில் இருத்தல் வேண்டும்; தலைவன் அரச ஊழியனாதல் வேண்டும்; போர்க்கப்பலுக்குரிய புற அடையாளம் பூண்டு, போர் விதிகளுக்கு அடங்கி நடத்தல் வேண்டும் என்பன அவற்றுட் சில. எனினும் பழைய கொடித்தந்திரம் ஒழியவில்லை. முகமூடி அணியலாம், வாள் வீசும் நொடியில் அதனைக் கழற்றவேண்டும் என்பதே வழக்காக நின்றது. அந்த ஒரு நொடியின் இடைவெளியில் எத்துணை உயிர்கள் மடிந்தன என்பதைக் கீழே காண்க.

நம் மக்கள் நன்கறிந்த ‘எம்டன்’ கப்பலிலிருந்து தொடங்குவோம். 1914-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஆம் நாள் இரவு சென்னைத் துறைமுகத்தின்மேற் குண்டுமாரி பொழிந்து, எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திய ஜெர்மானியக் குரூசர் அது. வல்லாரையும் சூழ்ச்சி மிக்காரையும் ‘எம்டன்’ என்று அழைக்கும் வழக்கு அந்நாள் முதல் தமிழிற் புகுந்தது. அக்டோபர் 28-ஆம் நாள் அது பினாங்குத் துறைமுகத்திற் புகுந்தபோது, தன் மூன்று புகைபோக்கிகளோடு போலியாக நான்காவது ஒன்றையும் நிறுத்தி, ஆங்கிலக் குரூசர்போலத் தோன்றிற்று. புகுந்தபின் தன் கொடியை ஏற்றி, ‘ஜெம்சுக்’ என்னும் ருஷ்யக் கப்பலை மூழ்கடித்தது. இது போர்க்கப்பல் மற்றொரு போர்க்கப்பலின் வேடம் பூண்டதாகும். இதில் வஞ்சனை உண்டு. ஆயினும் வாணிகனுக்கு இழுக்கு இல்லை. பின்னர் வந்தவை அத்தகையன அல்ல.

அவற்றுள் முதலாவது ஆங்கிலேயர் வகுத்த ‘கியூ’ கப்பல் என்னும் சூழ்ச்சி. ஜெர்மானிய நீர்மூழ்கிகள் சிறு வாணிகக் கப்பல்களுக்கு விலைமிக்க டார்பீடோவைச் செலவிட விரும்பாது, பலகால் நீர்மேல் எழுந்து, மாலுமிகளைப் படகில் இறங்கச்சொல்லி, பீரங்கியால் கப்பலை அழித்துவந்தன. இதனைக் கண்ட ஆங்கிலக் கடற்படை, பழைய சரக்குக் கப்பல்களைத் தேர்ந்து, போலி அறைகளுக்கும் மடியும் பலகைகளுக்கும் பின்னே பீரங்கிகளை மறைத்தது. குண்டுபட்டாலும் எளிதில் மூழ்காதவாறு சரக்கறைகளில் மரக்கட்டைகளை நிரப்பிற்று. நீர்மூழ்கி தோன்றியதும் மாலுமிகளில் ஒரு பகுதியினர் அஞ்சி அலறுவார்போலப் படகுகளில் இறங்கி ஓடுவர். எஞ்சியோர் பீரங்கிகளருகே மூச்சடக்கிக் கிடப்பர். நீர்மூழ்கி அணுகியதும் பலகைகள் விழும், கொடி ஏறும், பீரங்கி முழங்கும். கார்டன் காம்ப்பெல் என்னும் தலைவர், 1917-ஆம் ஆண்டு பிப்ரவரி 17-ஆம் நாள், ‘பார்ன்பரோ’ என்னும் தம் கப்பலின்மேல் வேண்டுமென்றே டார்பீடோவை ஏற்று, அணுகிவந்த நீர்மூழ்கியை அழித்தார். அவரது நெஞ்சுரம் வியக்கத்தக்கதே.

ஆயினும் இதன் மறுபக்கத்தையும் கூறவேண்டும். 1915-ஆம் ஆண்டு ஆகஸ்டு 19-ஆம் நாள், ‘பாரலாங்’ என்னும் ‘கியூ’ கப்பல் அமெரிக்கக் கொடியுடன் அணுகி, ‘நிக்கோசியன்’ என்னும் கப்பலைத் தாக்கிக்கொண்டிருந்த நீர்மூழ்கியை மூழ்கடித்தது. நீரில் தத்தளித்த ஜெர்மானிய மாலுமிகளும், ‘நிக்கோசியன்’ கப்பலில் ஏறித் தப்ப முயன்றோரும் சுட்டுக் கொல்லப்பட்டனர். ஜெர்மனி இதனை உலகெங்கும் பறைசாற்றிற்று. அமெரிக்கா அப்பொழுது நடுநிலை நாடு. தன் கொடி இவ்வாறு பயன்பட்டது அதற்கு உவப்பானதன்று. முன்னறிவிப்பின்றி வாணிகக் கப்பல்களைத் தாக்கும் கொடுமையை ஜெர்மனி 1915 பிப்ரவரியிலேயே அறிவித்திருந்தது. ஆதலின் அக்கொடுமைக்கு ‘கியூ’ கப்பல்களே காரணம் என்பது பொருந்தாது. ஆயினும் எளிய சரக்குக் கப்பலைக் கண்டாலும் அதனுள் பீரங்கி இருக்கக்கூடும் என்ற ஐயம் நீர்மூழ்கித் தலைவருள்ளத்திற் பதிந்தபின், எழுந்து எச்சரிக்கும் மனம் யாருக்கு வரும்? இத்துணை இடருற்றும் ‘கியூ’ கப்பல்கள் அழித்த நீர்மூழ்கிகள் பதினைந்தையும் எட்டவில்லை. இழந்த ‘கியூ’ கப்பல்களோ அத்தொகையினும் மிகுதி. முடிவில் வாணிகத்தைக் காத்தது 1917-ஆம் ஆண்டு ஏற்படுத்திய துணைக்காவல் முறையே, அதாவது பல கப்பல்கள் அணியாகப் போர்க்கப்பல் காவலுடன் செல்லும் முறையே.

ஜெர்மானியரும் இக்கலையில் தேர்ந்தவரே. ‘ஓநாய்’ எனப் பொருள்படும் ‘வுல்ஃப்’ என்னும் கப்பல் முன்னர் ஒரு சரக்குக் கப்பலாக இருந்தது. நெர்கர் என்பார் தலைமையில் 1916 நவம்பர் 30-ஆம் நாள் கீல் துறைமுகத்தை விட்டது. 451 நாள் கடலிலேயே திரிந்து 1918 பிப்ரவரியில் மீண்டது. அதன் புகைபோக்கியையும் பாய்மரத்தையும் உயர்த்தவும் தாழ்த்தவும் கூடும். 1917-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில், நன்னம்பிக்கை முனை, கொழும்பு, பம்பாய் ஆகிய துறைகளின் வழிகளில் அது கண்ணிவெடிகளை இட்டுச்சென்றது. பிப்ரவரி 17-ஆம் நாள் ‘வொர்ஸ்டர்ஷயர்’ என்னும் கப்பல் கொழும்பருகே வெடித்து மூழ்கிற்று. ஆஸ்திரேலியக் கரையருகே ‘கம்பர்லாந்து’ என்னும் கப்பல் இதன் கண்ணியிற் பட்டபோது, அதிகாரிகள் சரக்கறையில் எவரோ வெடிகுண்டு வைத்தனர் எனக் கருதி, உள்நாட்டாரையே ஐயுற்றனர். வேடம் பூண்டவன் கடலில் மறைந்தான். பழி கரையிலிருந்த அப்பாவிகள்மேல் விழுந்தது.

இரண்டாம் உலக யுத்தத்தில் இம்முறை பின்னும் விரிந்தது. ஜெர்மனி இவ்வாறு கடலுக்கனுப்பிய வேடக்கப்பல்கள் ஒன்பது. அவற்றுட் புகழ்பெற்றது பெர்ன்ஹார்டு ரோகே தலைமையில் 1940-இல் புறப்பட்ட ‘அட்லாண்டிஸ்’. ஆறு பெரும் பீரங்கிகளை மறைத்துக்கொண்ட அக்கப்பல், ஒருபொழுது ‘காசீ மாரு’ என்னும் ஜப்பானியக் கப்பலாகத் தோன்றிற்று. மாலுமி ஒருவன் பெண்ணுடை தரித்து, மேல்தளத்திற் குழந்தை வண்டியைத் தள்ளிச்சென்றான். மற்றொருபொழுது டச்சுக் கப்பலாக மாறிற்று. அது பிடித்தும் அழித்தும் ஒழித்த கப்பல்கள் 22. அவற்றின் நிறை ஒரு லட்சத்து நாற்பதினாயிரம் டன்னுக்கு மேற்பட்டது. தாக்கப்படும் கப்பல்கள், வேடக்கப்பலைக் கண்டோம் என்பதற்கு அடையாளமாகக் கம்பியில்லாத் தந்தியில் ‘கியூ’ எழுத்தையே அடுக்கி அனுப்புமாறு ஆங்கிலேயர் பணித்திருந்தனர். தம் சூழ்ச்சிக்கு முன்னர் வைத்த பெயரே தம் அபயக் குரலாக வந்து வாய்த்தது.

1940 ஜூலையில், இரங்கூன் நோக்கிச் சென்ற ‘கெம்மண்டைன்’ என்னும் கப்பல் இந்துமா சமுத்திரத்தில் ‘அட்லாண்டிஸ்’ கையிற் சிக்கிற்று. அதிற் பெண்டிரும் குழந்தைகளும் இருந்தனர். அவ்வாறு சிறைப்பட்ட பல கப்பல்களின் மக்கள், இந்திய மாலுமிகள் உள்ளிட்டார், முன்னமே கைப்பற்றப்பட்ட ‘திரானா’ என்னும் நார்வே நாட்டுக் கப்பலில் ஏற்றப்பட்டுப் பிரான்சுக்கு அனுப்பப்பட்டனர். கரையை அணுகும் வேளையில், செப்டம்பர் 22-ஆம் நாள், ஆங்கில நீர்மூழ்கி ஒன்று அதனைப் பகைக்கப்பல் எனக் கருதி டார்பீடோவால் அடித்தது. அடித்தவருக்கு அதனுள் இருந்தார் தம்மவர் என்பது தெரியாது. பலர் உயிரிழந்தனர். எக்கலம் யாருடையது என்று எவரும் அறியமாட்டாத கடலில், எக்குற்றமும் செய்யாதாரே முதலில் மடிகின்றனர்.

இவ்வேடத்தின் கொடுமை உச்சமுற்றது ‘கோர்மோரன்’ கப்பலால். டெட்மெர்ஸ் என்பார் தலைமையில் 1940 டிசம்பரிற் புறப்பட்ட அது, 1941-ஆம் ஆண்டு ஜூனில் நம் வங்கக்கடலினுட் புகுந்தது. சென்னைத் துறைமுகத்தின் வழியிற் கண்ணிவெடி இடுவது அதன் கருத்து. காவற்கப்பல்போலத் தோன்றிய ஒன்றைக் கண்டு அது திரும்பிவிட்டமையால் சென்னை பிழைத்தது. எனினும் அம்மாதம் 26-ஆம் நாள், சர்க்கரை ஏற்றிக் கொழும்புக்கு வந்த ‘மரீபா’ உள்ளிட்ட இரு கப்பல்களை அது வங்கக்கடலில் அழித்தது.

அவ்வாண்டு நவம்பர் 19-ஆம் நாள் மாலை, மேற்கு ஆஸ்திரேலியக் கரைக்கப்பால், ‘சிட்னி’ என்னும் ஆஸ்திரேலியக் குரூசர் அதனைக் கண்டது. ‘கோர்மோரன்’ தன்னை ‘ஸ்திராத் மலாக்கா’ என்னும் டச்சுக் கப்பல் என்றது. ‘சிட்னி’யின் தலைவர் பர்னெட், அருகே சென்று இரகசியக் குறியெழுத்தைக் கேட்டார். விடை கூற இயலாத நிலையில் டெட்மெர்ஸ் டச்சுக் கொடியை இறக்கித் தன் கொடியை ஏற்றிச் சுட்டார். அப்பொழுது இரு கப்பல்களுக்கும் இடைத்தூரம் ஒரு மைலுக்குங் குறைவு. இரண்டும் அழிந்தன. ஜெர்மானியருள் முந்நூற்றுக்கு மேற்பட்டோர் பிழைத்தனர். ‘சிட்னி’யில் இருந்த 645 பேரில் ஒருவரும் மீண்டிலர். கடலடியில் அவற்றின் சிதைவுகள் 2008-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திற்றான் கண்டுபிடிக்கப்பட்டன. பொய்க்கொடியோடேயே சுட்டார் என்ற ஐயம் நெடுநாள் நிலவிற்று. 2009-இல் வெளிவந்த விசாரணை அறிக்கை அதற்குச் சான்று இல்லை என்று முடிவு கூறிற்று. விதி மீறப்படவில்லை; ஆயினும் 645 குடும்பங்கள் துயருற்றன. விதியைக் காத்தலாலேயே தருமம் காக்கப்பட்டதாகாது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதின்று.

மூன்று நாள் கழித்து, நவம்பர் 22-ஆம் நாள், தென் அட்லாண்டிக்கில் ‘டெவன்ஷயர்’ என்னும் ஆங்கிலக் குரூசர் ‘அட்லாண்டிஸ்’ கப்பலைக் கண்டது. அதனை அடையாளங்காண உதவியவற்றுள் ஒன்று ஒரு பயணியின் நிழற்படம். ஏப்ரலில் அது அழித்த ‘ஜாம்ஜாம்’ என்னும் எகிப்தியக் கப்பலில் இருந்த அமெரிக்கப் பத்திரிகைப் படப்பிடிப்பாளர் ஒருவர், வேடக்கப்பலின் உருவைப் படம்பிடித்துச் சுருளை மறைத்துக் கொண்டுசென்றிருந்தார். ‘பொலிபீமஸ்’ என்னும் டச்சுக் கப்பல் எனத் தன்னைக் கூறிய அதனை ‘டெவன்ஷயர்’ நம்பி அணுகவில்லை. தொலைவில் நின்று, மேலதிகாரியைத் தந்தியில் வினவி, ‘பொலிபீமஸ்’ அங்கே இருத்தல் இயலாது என்ற விடை வந்தபின்னரே சுட்டு வீழ்த்திற்று. விசாரியாது அணுகாமையே ‘டெவன்ஷயர்’ மாலுமிகளைக் காத்தது.

1994-ஆம் ஆண்டு சட்ட வல்லுநர் வகுத்த சான் ரீமோ கைந்நூலும், பொய்க்கொடியோடு தாக்குதலைத் தடுக்கின்றதேயன்றி, தாக்காத வேளையில் அதனைப் பூணுதலை முற்றும் விலக்கவில்லை. ஆதலின் இவ்வாணிக வேடம் உலகை விட்டு நீங்கிற்று என்று யாம் கூறத் துணியோம்.

இவ்வரலாற்றில் இருசாராரும் வஞ்சித்தனர். இருசாராரும் வீரமும் காட்டினர். ஆயின் வேடம் பூண்டவர் செலவிட்ட மூலதனம் அவருடையதன்று. துறைதோறும் நேர்மையாய்ச் சரக்கிறக்கி, சொன்ன நாளில் மீண்டு, அயல்நாட்டார் நம்பிக்கையைப் பெற்ற ஆயிரம் கப்பல்களின் நற்பெயரே அம்மூலதனம். அதனைச் செலவிட்டவர் சிலர். கடன் தீர்த்தவர் உலகின் வாணிகர் அனைவரும். நம் முன்னோர் ஒரு துண்டுக் காகிதத்தில் உண்டியல் எழுதிக் கொடுத்தால், கடல்கடந்த ஊரில் அதற்குப் பணம் கிடைத்தது. அவ்வெழுத்துக்கு மதிப்பளித்தது காகிதம் அன்று. எழுதிய கையின் பழக்கம். ஒருவன் அதனைப் பொய்யாக்கினால், அடுத்துக் கொணர்பவன் மெய்யனாயினும் ஐயுறப்படுவான். சங்கத்து இளைஞர் இதனை உள்ளத்திற் கொண்டு, தம் பெயரொடு பிறர் பெயரும் தம் கையில் அடைக்கலமாக இருத்தலை மறவாது ஒழுகுவாராக.