ஆங்கில நாட்டில் 'டி' வகுப்புக் கிராமங்கள்

எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பது நம் முன்னோர் வாக்கு. தனக்குரிய நிலத்திலே தன் மனம்போல ஒரு வீடு கட்டி வாழ விரும்புவது மனித இயல்பு. ஆயின், இங்கிலாந்திலே ஒருவன் தன் சொந்தக் காணியில் ஒரு சிறு வீடு எழுப்புவதாயினும், முதலில் உள்ளூராட்சிச் சபைக்கு விண்ணப்பம் செய்து அனுமதி பெறுதல் வேண்டும். நிலம் அவனுடையது; அதிலே புதிதாக ஒன்றைக் கட்டும் உரிமையோ அவனுடையதன்று. இந்நிலை எவ்வாறு உண்டாயிற்று, அது சிற்றூர் மக்களின் வாழ்வை எவ்வாறு தொட்டது என்பவற்றை நேயர்களுக்கு எடுத்துரைப்பதே இப்பேச்சின் நோக்கமாகும்.

இரண்டு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் இங்கிலாந்திலும் வேல்சிலும் ஏறக்குறைய 40 இலட்சம் வீடுகள் கட்டப்பட்டன. மோட்டார் வண்டி பெருகவே, பட்டினங்களிலிருந்து புறப்படும் பெருந்தெருக்களின் இருமருங்கிலும் வீடுகள் நிரல் நிரலாக எழுந்தன. வயல்களும் தோப்புகளும் மறைவதைக் கண்டு கவலையுற்ற அறிஞர்கள், 1926 ஆம் ஆண்டில் கிராமிய இங்கிலாந்தைப் பேணுவதற்கென ஒரு சபையை நிறுவினர். அவர்களுள் முதன்மையானவர் பற்றிக் அபர்குறொம்பி. பேராதனையிலே எழுந்த நமது பல்கலைக்கழகத்தின் அமைப்புத் திட்டத்தை வகுப்பதில் பெரும்பங்கு கொண்டவரும் இவரே என்பது நேயர்கள் அறியத்தக்கது. தெருவோரங்களில் நாடாப்போல் நீளும் கட்டிட வரிசைகளைத் தடுக்க 1935 இல் ஒரு சட்டம் பிறந்தது. எனினும் அது போதியதாக இல்லை.

போர் முடிந்தபின், 1947 ஆம் ஆண்டில், பாராளுமன்றம் நகர, கிராம அமைப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. 1948 ஆம் ஆண்டு ஜூலை முதலாந் திகதி அது நடைமுறைக்கு வந்தது. அன்று தொட்டு, கட்டிடம் எழுப்புவதற்கும், நிலத்தின் பயனை மாற்றுவதற்கும் அனுமதி பெறுதல் கட்டாயமாயிற்று. மறுக்கப்பட்டவர் மந்திரியிடம் மேன்முறையீடு செய்யலாம். அதுவரை 1,441 உள்ளூர்ச் சபைகளின் கையில் இருந்த அதிகாரம், கவுண்டிச் சபைகள் முதலாய 145 பெரிய சபைகளிடம் ஒப்படைக்கப்பட்டது. இவை ஒவ்வொன்றும் மூன்றாண்டுகளுக்குள் தன் ஆள்புலம் முழுமைக்கும் ஓர் அபிவிருத்தித் திட்டம் தீட்டி மந்திரிக்கு அனுப்புதல் வேண்டும் என்பதும் விதி. ஊரின் தலையெழுத்து இப்போது ஊருக்குள் அன்றி, கவுண்டித் தலைநகரின் படமேசையில் எழுதப்படலாயிற்று.

தென்னிங்கிலாந்தில் இச்சட்டம் பெரும்பாலும் காவலாக அமைந்தது. 1955 இல் அரசாங்கம் விடுத்த சுற்றறிக்கையின்படி பெருநகர்களைச் சுற்றிப் பசுமை வளையங்கள் வகுக்கப்பட்டன. அவ்வளையத்துள் அகப்பட்ட கிராமங்களில், இருக்கும் வீடுகளுக்கு இடையே உள்ள வெற்றிடத்தை நிரப்பலாம். ஊர் எல்லையைத் தாண்டி வயலுக்குள் இறங்கலாகாது. இதனால் ஊரின் எழில் பிழைத்தது. கூடவே வீட்டு விலையும் ஏறிற்று. அவ்வூரிலே பிறந்த உழவனின் மகன் அங்கே வீடு வாங்க இயலாத நிலையும் உண்டாயிற்று. இது ஒரு பக்கம்.

மறுபக்கத்தைக் காண நாம் வடக்கே, டர்ஹாம் கவுண்டிக்குச் செல்லல் வேண்டும். நிலக்கரியே அந்நாட்டின் உயிர்நாடி. 1913 இல் ஏறத்தாழ 165,000 பேர் அங்கே சுரங்கத் தொழில் புரிந்தனர். சுரங்க வாயில் ஒவ்வொன்றையும் சுற்றி ஒரு கிராமம்: ஒன்றோடொன்று ஒட்டிய வீட்டு வரிசைகள், ஒரு தேவாலயம், தொழிலாளர் கழகம், சிறு மரக்கறித் தோட்டங்கள். மேற்கு டர்ஹாமிலே கரி வற்றியது. சுரங்கம் மூடப்பட்டது, கிராமமோ நின்றது.

1951 ஆம் ஆண்டில் கவுண்டிச் சபை தன் அபிவிருத்தித் திட்டத்தை வெளியிட்டது. கிராமங்கள் யாவும் ஏ, பி, சி, டி என நான்கு வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டன. ஏ வகுப்பு ஊர்கள் வளரும்; பி வகுப்பு ஊர்கள் உள்ளபடி நிலைக்கும்; சி வகுப்பு ஊர்கள் குறையும். டி வகுப்பு ஊர்களிலோ இனிப் பொதுப் பணம் முதலிடப்படாது. புதிய வீட்டுக்கு அனுமதி இல்லை. இருக்கும் வீடுகள் தம் ஆயுளை முடித்து விழும்போது, மக்கள் வேறிடம் பெயர்வர். இவ்வாறு 114 ஊர்கள் குறிக்கப்பட்டன. பின்னர் அத்தொகை 121 ஆயிற்று.

இதனைக் கொடுமை என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிடுதல் நீதியாகாது. அவ்வீடுகள் பலவற்றில் குளியலறையும் உள்மலசலகூடமும் இல்லை. சிதறிக்கிடந்த சிற்றூர்களுக்கெல்லாம் கழிவுநீர்க் குழாயும் பாடசாலையும் அமைப்பது பெருஞ்செலவு. 1948 இல் குறிக்கப்பட்ட பீற்றர்லீ போன்ற புதுநகரங்களில் நல்ல வீடுகள் எழவிருந்தன. அந்நகரின் பெயரே சுரங்கத் தொழிலாளர் தலைவர் பீற்றர் லீயினுடையது. தீர்ப்பு எழுதியவர்களும் அந்நியர் அல்லர். 1919 இலேயே தொழிற்கட்சியின் கைக்கு வந்த சபை அது. தொழிலாளர் நலனை நாடியவர்களே தொழிலாளரின் ஊர்களுக்கு முடிவு குறித்தனர் என்பதே இவ்வரலாற்றின் துயரம்.

வியர் ஆற்றங்கரையில், பிஷப் ஓக்லண்ட் பட்டினத்துக்கு அணித்தாயுள்ள விற்றன் பார்க் என்னும் ஊரை எடுத்துக்கொள்வோம். 1825 இல் திறக்கப்பட்ட புகழ்பெற்ற ஸ்ரொக்டன், டார்லிங்டன் இரும்புப்பாதை இவ்வூர்ப் பக்கத்துக் கரியைச் சுமக்கவே புறப்பட்டது. 1846 இல் இங்கே இரும்பாலை எழுந்தது. 1884 இல் மூடப்பட்டது. முதல் உலகப் போரில் இவ்வூரில் பிறந்த சகோதரர் இருவர் விக்டோரியாச் சிலுவை பெற்றனர். இருவரும் அப்போரிலேயே மாண்டனர். இத்தகைய ஊர் 1951 இல் டி வகுப்பில் வைக்கப்பட்டது.

அவ்வெழுத்து ஒன்றே போதுமானதாயிற்று. வளராத ஊர் என்று முத்திரையிட்ட இடத்தில் வீடு வாங்க எவர் வருவர்? கடன் கொடுப்போரும் தயங்கினர். சொந்தப் பணத்தில் வீட்டைத் திருத்த எண்ணியவனும், நாளை இடிபடுவதற்கு இன்று செலவிடுவானேன் என்று கைவிட்டான். இளைஞர் அகன்றனர், கடைகள் மூடின. வீழும் என்று சொன்னதனாலேயே ஊர் வீழத் தொடங்கியது. வரிசை வரிசையாக வீடுகள் இடிக்கப்பட்டன. ஆயினும் மக்கள் எல்லோரும் பெயரவில்லை. கூட்டங்கள் கூடினர்; மனுக்கள் எழுதினர்; பொது விசாரணைகளில் எழுந்து நின்று வாதாடினர். நல்ல வீடு வேண்டாம் என்று அவர்கள் கூறவில்லை. அந்நல்ல வீட்டைத் தம் ஊரிலேயே தருக என்றனர். பெற்றோரைப் புதைத்த மண்ணும், அயலாரின் துணையும் எந்தப் படத்திலும் குறிக்கப்படவில்லை என்பதே அவர்களது முறைப்பாடு.

காலமும் மாறிற்று. 1968 ஆம் ஆண்டுச் சட்டம், திட்டம் வகுக்கும்போதே மக்களின் கருத்தைக் கேட்குமாறு விதித்தது. அதனை எவ்வாறு செய்வது என்பதை 1969 இல் ஸ்கெவிங்டன் குழு ஆராய்ந்து உரைத்தது. 1977 இல் டர்ஹாம் கவுண்டிச் சபை டி வகுப்பையே கைவிட்டது. முற்றாக மறைந்த ஊர்கள் மிகச் சிலவே. மெலிந்து போனவை பல. விற்றன் பார்க் பிழைத்தது; பிற்காலத்தில் அங்கே புது வீடுகளும் எழுந்தன. 2011 ஆம் ஆண்டுச் சட்டம், ஊரார் தாமே தம் அயலுக்குத் திட்டம் வகுத்து, வாக்கெடுப்பால் அதனை நிலைநாட்டவும் வழி திறந்தது.

எனினும் இன்றும் இங்கிலாந்தின் சிற்றூர்களில், படத்தில் வரைந்த ஒரு கோட்டுக்கு உள்ளே வீடு எழலாம், வெளியே எழலாகாது என்னும் வழக்குகள் ஓய்ந்தபாடில்லை. கட்டுப்பாடே இன்றி விட்டால் வயல் அழியும். கண்மூடித்தனமாகக் கட்டுப்படுத்தினால் ஊர் அழியும். கோடு வரைதல் வேண்டாம் என்று எவரும் கூறார். வரைவோன், கோட்டுக்கு உள்ளும் புறமும் வாழ்வோரை முதலில் கேட்டல் வேண்டும். டர்ஹாம் மக்கள் இருபத்தாறு ஆண்டுகள் போராடி உணர்த்திய உண்மை இதுவே.